சுப்பீரியர் ஏரி: பனியாறு தோண்டியதா, நிலம் பிளந்ததா?

வடகரையான் எழுதியது:

வணக்கம். கனடாவில், சுப்பீரியர் ஏரியின் வடகரையில் இருக்கும் தண்டர் பே நகரத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். அன்றாடம் கண்ணில் படுகிற இந்த ஏரியைப் பற்றிய ஒரு கேள்வி நெடுநாளாக மனத்தில் கிடக்கிறது. நிலவியல் அறிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் கேட்டுவிடுகிறேன்.

சென்ற கோடையில் கிழக்கே புக்காஸ்க்வா தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். கரையோரப் பாதையில் நடந்து, நீர் கண்ணுக்கு மறைந்து, ஸ்புரூஸ் மரங்களுக்குள் ஏறிய பிறகு, மரமே இல்லாத ஒரு கல் திடல் எதிர்ப்பட்டது. தேங்காய் அளவுக் கற்கள், கூர்முனை ஒன்றுகூட இல்லாமல், உருண்டு திரண்டு அடுக்கடுக்காகக் கிடந்தன. கீழே கரையில் அலை புரட்டிக்கொண்டிருந்த கற்களுக்கும் இவற்றுக்கும் ஒரே வேறுபாடுதான் இருந்தது: கீழே இருந்தவை நனைந்து வழவழப்பாக மின்னின, மேலே இருந்தவற்றின் மீது சாம்பலும் கறுப்புமாகக் கல்பாசி படை படையாகப் பற்றியிருந்தது. கையை வைத்தால் சொரசொரத்தது. அலை உருட்டிய கற்கள் அலை எட்டாத உயரத்துக்கு எப்படி வந்தன?

இரண்டாவது கேள்வி இதைவிடப் பெரியது. பள்ளிப் பாடங்கள் இதைப் பனியாறு தோண்டிய ஏரி என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. வேறு சில நூல்களோ, 110 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டம் பிளந்த இடம் இது என்கின்றன. இரண்டில் எது சரி?

மணற்கல் எழுதியது:

வடகரையான் ஐயா, நல்ல கேள்வி. இரண்டுமே நடந்தவைதாம், ஆனால் அவற்றுக்கு நடுவே ஏறத்தாழ 100 கோடி ஆண்டு இடைவெளி இருக்கிறது என்பதை மறந்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

பழைய நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்கக் கண்டத்தின் நடுவே நிலம் இழுபட்டு விரியத் தொடங்கியது. அந்தப் பிளவின் ஒரு கை இன்றைய சுப்பீரியர் ஏரியிலிருந்து தென்மேற்கே கான்சாஸ் வரையிலும், மறு கை தென்கிழக்கே மிச்சிகன் மாநிலத்தின் அடியிலும் சென்றன. பிளவு வழியே எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்துப் பரவி, ஆறி, அதன்மேல் மீண்டும் குழம்பு பரவி, பல கிலோமீட்டர் தடிமனுக்குப் பசால்ட் பாறை அடுக்குகள் சேர்ந்தன. அவ்வளவு கனத்தைத் தாங்க முடியாமல் நடுப்பகுதி அமிழ்ந்தது. அமிழ்ந்த தொட்டிக்குள் ஆறுகள் மணலையும் சேற்றையும் கொண்டுவந்து கொட்டின. அவை இறுகி மணற்கல்லாகவும் களிக்கல்லாகவும் மாறின. பிளவு முழுமையடைந்திருந்தால் அங்கே ஒரு பெருங்கடல் பிறந்திருக்கும். அது பாதியில் நின்றுவிட்டது. கிழக்கே கண்டங்கள் மோதி க்ரென்வில் மலைத்தொடர் எழுந்தபோது ஏற்பட்ட நெருக்குதலை அதற்குக் காரணமாகப் பல ஆய்வாளர்கள் சொல்கின்றனர். இதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

இந்தப் பாறை அடுக்குகள் தொட்டிபோல் வளைந்திருக்கின்றன என்பதற்குத் தென்கரையில் இருப்பவர்கள் கண்ணால் கண்ட சாட்சி சொல்லலாம்.

செம்புக்கரை எழுதியது:

நான் தென்கரையில், மிச்சிகனின் கீவினா தீபகற்பத்தில் சில ஆண்டுகள் படித்தவள். மணற்கல் அண்ணா சொன்ன வளைவை அங்கே நேரில் பார்க்கலாம். கீவினாவில் பசால்ட் அடுக்குகள் வடமேற்காக, ஏரியை நோக்கிச் சாய்ந்து நீருக்குள் இறங்குகின்றன. ஏரியின் நடுவே உள்ள ஐல் ராயல் தீவில் அதே அடுக்குகள் தென்கிழக்காக, கீவினாவை நோக்கிச் சாய்ந்து இறங்குகின்றன. பசும்பாறைப் பாய்ச்சல் என்று அழைக்கப்படும் ஒரே எரிமலைக் குழம்பு அடுக்கு இரண்டு இடங்களிலும் தலைகாட்டுகிறது. அதாவது, ஏரிக்கு அடியில் கிண்ணம்போல் வளைந்து கிடக்கும் ஓர் அடுக்கின் இரண்டு விளிம்புகள்தாம் அந்தத் தீபகற்பமும் அந்தத் தீவும். ஐல் ராயல் தீவின் வரைபடத்தைப் பாருங்கள்: முதுகுகளும் பள்ளங்களுமாக, சீப்பால் வாரியதுபோல் ஒரே திசையில் ஓடும். கடினமான அடுக்குகள் முதுகாக நிற்கின்றன. மெல்லிய அடுக்குகள் தேய்ந்து நீள்குளங்களாகவும் குடாக்களாகவும் ஆகிவிட்டன.

அந்தப் பாறைகளின் குமிழித் துளைகளில் செம்பு தூய உலோகமாகவே படிந்தது. உருக்கிப் பிரிக்க வேண்டியதில்லை. கல்லை உடைத்தால் செம்பு. பழங்குடி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைத் தட்டிக் கத்தியும் தூண்டிலும் செய்திருக்கிறார்கள். ஒண்டனாகன் ஆற்றில் கிடைத்த ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட செம்புப் பாறை இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது.

ஆகவே என் வாக்கு பிளவுக்குத்தான். இந்த ஏரியின் உருவத்தை வரைந்தது அதுவே.

பனிமுகம் எழுதியது:

செம்புக்கரை சொன்ன சான்றுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் முடிவை மறுக்கிறேன். பிளவு நின்றுபோன காலத்தில் அங்கே பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளம் மணற்கல்லாலும் களிக்கல்லாலும் தூர்ந்துபோயிற்று. அதன்பின் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் ஆறும் அந்த நிலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தன. பனியூழி தொடங்குவதற்குச் சற்று முன் அங்கே இருந்தது ஏரி அன்று, ஓர் ஆற்றுத் தாழ்நிலமாகவே இருந்திருக்கும் என்பதுதான் பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. தூர்ந்த தொட்டி ஏரியாகாது.

அதை மீண்டும் குடைந்தெடுத்தது பனி. கடந்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் பனிவிரிப்பு பலமுறை வடக்கிலிருந்து இறங்கி வந்தது. கிலோமீட்டர் கணக்கில் தடித்த அந்தப் பனி, அடியில் கற்களைப் பற்றிக்கொண்டு, அரம்போல் நிலத்தை அராவிக்கொண்டு நகர்ந்தது. சுற்றிலும் இருந்த பசால்ட்டும் கிரானைட்டும் எளிதில் அசைந்து கொடுக்கவில்லை. நடுவில் நிரம்பியிருந்த மணற்கல்லும் களிக்கல்லும் கொடுத்தன. ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 183 மீட்டர். மிகுந்த ஆழம் 406 மீட்டர். ஆக, ஏரியின் அடித்தளம் கடல்மட்டத்துக்கும் 220 மீட்டருக்கு மேல் கீழே கிடக்கிறது. ஓடும் ஆறு எந்த நாளும் கடல்மட்டத்துக்குக் கீழே தன் படுகையை அவ்வளவு தோண்ட முடியாது. பனியால் முடியும். கிழக்குப் பகுதியின் அடித்தளத்தில் வடக்குத் தெற்காக ஓடும் ஆழமான நீள்பள்ளங்கள் இருக்கின்றன. பனிவிரிப்பின் அடியில் அழுத்தத்தோடு பாய்ந்த உருகுநீர் அறுத்தவை அவை என்பது அவற்றை ஆராய்ந்தவர்கள் தரும் விளக்கம். பனி இல்லையென்றால் ஏரியும் இல்லை.

மணற்கல் எழுதியது:

பனிமுகம் அவர்களே, ஏற்கிறேன். ஆனால் ஒரு திருத்தம். பனி ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தது? அதே பனிவிரிப்புதான் வடக்கே கனடியக் கேடயம் எனப்படும் பழமையான கடினப் பாறைப் பரப்பு முழுவதும் நகர்ந்தது; அங்கே அது ஆயிரக்கணக்கான சிறு ஏரிகளைத்தான் விட்டுச் சென்றது. இங்கே மட்டும் 563 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பள்ளம். மெல்லிய பாறை ஒரு நீண்ட தொட்டிக்குள் நிரம்பியிருந்ததுதான் அதற்குக் காரணம். தொட்டியைச் செய்தது பிளவு. ஏரி எங்கே என்பதைப் பிளவு முடிவு செய்தது. ஏரி உண்டா என்பதைப் பனி முடிவு செய்தது.

இது சுப்பீரியருக்கு மட்டும் உரியதும் அன்று. சுவீடனின் வாட்டர்ன் ஏரி நிலப்பிளவில் இறங்கிய பள்ளத்தைப் பனி செப்பனிட்டது. ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரி, கிரேட் க்ளென் என்னும் பழைய பிளவுக்கோட்டின் நொறுங்கிய பாறையைப் பனி வாரி எடுத்த இடம். மாறாக, சைபீரியாவின் பைக்கால் ஏரியைப் பாருங்கள்: அங்கே பிளவு இன்றும் விரிந்துகொண்டிருக்கிறது, அதன் 1,600 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குப் பனியின் உதவி தேவைப்படவில்லை. பிளவு ஏரி என்ற பெயருக்கு முழு உரிமை பைக்காலுக்கு உண்டு. சுப்பீரியரை, பிளவுத் தொட்டியில் பனி குடைந்த ஏரி என்று சொல்வதே பொருந்தும்.

பனிமுகம் எழுதியது:

அந்தச் சொற்றொடரை ஏற்கிறேன். பாடநூலில் ஒரு வரிதான் இடம் என்றால்கூட அதை எழுதலாம்.

தேன்சிட்டு எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வடகரையான் ஐயா கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லையே. மேலே ஏறிய கற்கரையின் கதை என்ன?

நீரளவன் எழுதியது:

அதற்கு நான் முயல்கிறேன். இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. பலர் ஒன்றை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது, ஏரியே ஒருகாலத்தில் உயரமாக இருந்தது. பனி வடகிழக்காகப் பின்வாங்கியபோது, மேற்கு முனையில் உருகுநீர் தேங்கி, டுலூத் பனியேரி என்று இன்று அழைக்கப்படும் ஓர் ஏரி உருவானது. கிழக்கு வழியைப் பனியே அணைபோல் அடைத்துக்கொண்டிருந்ததால், அந்த நீர் தெற்கே வழிந்து, செயின்ட் குரோய் ஆற்றின் வழியாக மிசிசிப்பியில் கலந்தது. அதன் நீர்மட்டம் இன்றைய மட்டத்தைவிட 140 மீட்டருக்கும் மேல் உயரம். அந்த மேற்கு முனையில் உள்ள டுலூத் நகரத்தில் குன்றின் இடுப்பைச் சுற்றி ஸ்கைலைன் பார்க்வே என்றொரு சாலை போகிறது. குன்றின் சரிவில் சாலை போடச் சமதளம் எங்கிருந்து கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பழைய ஏரியின் கரைமேடுதான் அது. பனி மேலும் பின்வாங்கித் தாழ்ந்த வழிகள் திறக்கத் திறக்க, ஏரி படிப்படியாக இறங்கியது. ஒவ்வொரு படியிலும் நின்ற காலத்துக்கு ஒரு கரையை விட்டுச் சென்றது. வடகரையில் டெரஸ் பே என்னும் ஊருக்குப் பெயரே அந்தப் படிகளால் வந்தது.

இரண்டாவது, நிலம் எழும்புகிறது. பனியின் பாரம் நிலத்தைக் கீழே அழுத்தியிருந்தது. பாரம் நீங்கி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகியும் நிலம் இன்னும் நிமிர்ந்து முடியவில்லை. பனி தடிப்பாக இருந்த, கடைசியாக விலகிய வடகிழக்கில் எழுச்சி வேகமாகவும், தென்மேற்கில் மெதுவாகவும் நடக்கிறது. ஏரி ஒரு தாம்பாளம் என்றால், அதன் வடகிழக்கு விளிம்பை யாரோ மெல்லத் தூக்கிக்கொண்டிருப்பதுபோல. நீர் வெளியேறும் வாய் கிழக்கே சூ செயின்ட் மேரியில் இருக்கிறது. அந்த வாய் டுலூத்தைவிட வேகமாக உயர்வதால், டுலூத் பக்கம் நீர் கரையேறுகிறது. அங்கே செயின்ட் லூயிஸ் ஆற்றின் கழிமுகம் அகன்று, நீரில் மூழ்கிய பள்ளத்தாக்காகக் கிடப்பது இதனால்தான். புக்காஸ்க்வா பக்கமோ கரை நீரைவிட்டு மேலே போகிறது. ஐயா பார்த்த கற்கள் அங்கேயேதான் இருந்தன. ஏரி இறங்கிற்று, நிலம் ஏறிற்று.

வடகரையான் எழுதியது:

மிக்க நன்றி. அந்தத் திடலில் நின்றபோது நான் கீழே ஏரியைப் பார்த்தேன். நின்றிருந்ததும் ஏரியின் கரைதான் என்பது இப்போதுதான் முழுமையாக விளங்குகிறது.

நீரளவன் எழுதியது:

நீரைப் பற்றியும் ஒன்று சேர்க்க வேண்டும். பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி இது: ஏறத்தாழ 82,100 சதுர கிலோமீட்டர். உலகின் மேற்பரப்பு நன்னீரில் பத்தில் ஒரு பங்கு இதற்குள் இருக்கிறது. அதைவிட வியப்பானது, இதற்கு நீர் தரும் நிலப்பரப்பு மிகச் சிறியது. சுமார் 127,700 சதுர கிலோமீட்டர் மட்டுமே, அதாவது ஏரியைப்போல் ஒன்றரை மடங்கு. இருநூறுக்கும் மேற்பட்ட ஆறுகள் வந்து சேர்ந்தாலும் பெரிய ஆறு என்று சொல்ல நிப்பிகன், செயின்ட் லூயிஸ் போன்ற சிலவே உண்டு. ஏரியின் மேல் நேராகப் பெய்யும் மழையும் பனியும் அதன் வரவில் பெரும்பங்கு. அதனால்தான் உள்ளே வந்த நீர் வெளியேறச் சராசரியாக 191 ஆண்டுகள் ஆகின்றன. இன்று கரையில் கலக்கும் கழிவு நம் கொள்ளுப்பேரன் காலத்திலும் உள்ளேதான் இருக்கும். சில்வர் பே பகுதியில் இரும்புத்தாதுக் கழிவை நாள்தோறும் பல்லாயிரம் டன் ஏரிக்குள் கொட்டிவந்த வழக்கம் நீண்ட நீதிமன்றப் போராட்டத்துக்குப் பின் 1980-இல் நின்றது. அந்தப் போராட்டம் எவ்வளவு தேவையானது என்பதை இந்த 191 என்ற எண் ஒன்றே சொல்லும்.

செம்புக்கரை எழுதியது:

நீரளவன் சொன்ன வரவுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு செலவு இருக்கிறது, ஆவியாதல். அது கோடையில் நிகழ்வதாகவே எல்லோரும் நினைப்பார்கள். இங்கே அது இலையுதிர் காலத்தின் இறுதியிலும் குளிர்காலத்தின் தொடக்கத்திலும்தான் உச்சத்தில் இருக்கும். கோடையின் வெப்பத்தைத் தேக்கிவைத்த நீரின் மேல் வடமேற்கிலிருந்து வறண்ட குளிர்காற்று வீசும்போது, ஏரி புகைவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அந்த ஈரம் முழுவதும் கீவினாவின் மேட்டில் மோதிப் பனியாகக் கொட்டும். சராசரி ஆண்டிலேயே ஐந்து மீட்டருக்கு மேல். 1978–79 குளிர்காலத்தில் 390 அங்குலத்தைத் தாண்டியது, ஏறத்தாழ பத்து மீட்டர். வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே மரச்சட்டத்தால் மூடிய நடைவழி கட்டியிருப்பார்கள். முதல் ஆண்டில் அது எதற்கென்று புரியவில்லை, ஜனவரியில் புரிந்தது.

நவம்பர் மாதப் புயல்களும் இதே வெப்ப வேறுபாட்டில் வலுப்பெறுபவை. 1975 நவம்பர் 10 அன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் தாதுக்கப்பல் 29 பேரோடு மூழ்கியது. ஒருவருடைய உடலும் கரை ஒதுங்கவில்லை. ஆழத்தில் நீர் ஆண்டு முழுவதும் நான்கு டிகிரி அளவிலேயே இருப்பதால், உடலை மிதக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே செயல்படுவதில்லை.

கானவள் எழுதியது:

அந்தக் குளிர்தான் இங்குள்ள உயிர்களுக்கும் அடிப்படை. நான் தாவரங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆர்க்டிக் பகுதிக்கு உரிய சில செடிகள், தம் இனத்தின் மற்ற இருப்பிடங்களிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, இந்த ஏரியின் வடகரைப் பாறைப் பிளவுகளிலும் ஐல் ராயலின் ஓரங்களிலும் வாழ்கின்றன. பனி விலகியபோது அதன் விளிம்பை ஒட்டி வடக்கே போன கூட்டத்தில் பின்தங்கிவிட்டவை அவை. உள்நாட்டில் காடு வளர்ந்து அவற்றை மூடிவிட்டது. அலை அடித்துக் காடு வளரவிடாத ஈரப் பாறைகளில் மட்டும் அவை தங்கிவிட்டன. தண்டர் பேக்குக் கிழக்கே உள்ள விமெட் பள்ளத்தாக்கின் அடியிலும் இதே நிலை. சுமார் 100 மீட்டர் ஆழத்தில் வெயில் எட்டாததால் அங்கே ஆர்க்டிக் செடிகள் இருக்கின்றன. அங்கே இறங்கத் தடை இருப்பது நியாயமானது.

கவலையும் உண்டு. 1979-க்கும் 2006-க்கும் இடையே ஏரியின் கோடைக்கால மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 2.5 டிகிரி வெப்பமடைந்தது. அதே காலத்தில் சுற்றியுள்ள காற்று அவ்வளவு வெப்பமடையவில்லை. குளிர்காலத்தில் பனி மூடுவது குறைவதால், வசந்தத்தில் நீர் முன்கூட்டியே சூடேறத் தொடங்குகிறது. இவ்வளவு தெளிந்த, சத்துக் குறைந்த நீரில் 2012-லும் 2018-லும், பெருமழைக்குப் பின், தென்கரையில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. இதை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

தேன்சிட்டு எழுதியது:

மீன்களின் நிலை என்ன, அக்கா? லாம்ப்ரே என்னும் ஒட்டுண்ணி மீன், சுப்பீரியர் உள்ளிட்ட ஐந்து பேரேரிகளையும் அழித்துவிட்டதாகப் படித்தேன்.

கானவள் எழுதியது:

அழிக்கப் பார்த்தது. கடலில் வாழும் அந்த மீன் கப்பல் கால்வாய்களின் வழியாக மேலேறி, 1930-களின் இறுதியில் சுப்பீரியரை அடைந்தது. வட்ட வாயால் பெரிய மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு குருதியை உறிஞ்சும். ஏரி ட்ரவுட் மீன்கள் சில பத்தாண்டுகளில் குலைந்துபோயின. 1950-களின் இறுதியில், லாம்ப்ரேயின் இளம்பருவத்தைக் கொல்லும் ஒரு வேதிப்பொருளை அவை பொரிக்கும் ஓடைகளில் இடத் தொடங்கினார்கள். அந்தப் பணி இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. 2024-இல், ஏரியின் பெரும்பகுதியில் ஏரி ட்ரவுட் மீண்டுவிட்டதாகப் பேரேரிகள் மீன்வள ஆணையம் அறிவித்தது. அறுபது ஆண்டுக்கும் மேலான உழைப்பு. மற்ற பேரேரிகளைப் போலன்றி இங்கே ஆழ்நீரில் சில பூர்விக ட்ரவுட் கூட்டங்கள் தாக்குப்பிடித்து நின்றதும் பெரும் துணையாயிற்று. மறுபடியும் அந்த ஆழத்தையும் குளிரையும்தான் நன்றியோடு நினைக்க வேண்டியிருக்கிறது.

பனிமுகம் எழுதியது:

பெயரைப் பற்றி ஒரு சொல். சுப்பீரியர் என்றால் மேன்மையானது என்று பலர் பொருள் கொள்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயருக்கு மேலே உள்ள ஏரி என்பதே பொருள். ஹியூரான் ஏரிக்கு மேலே இருப்பதால். சுப்பீரியரிலிருந்து ஹியூரானுக்குப் பாயும் செயின்ட் மேரிஸ் ஆற்றில் ஆறு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இறக்கம் இருக்கிறது. 1855 முதல் அங்கே மதகுத் தொட்டிகள் கப்பல்களை ஏற்றி இறக்குகின்றன. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே கரையில் வாழும் ஒஜிப்வே மக்கள் இதைக் கிச்சிகாமி, பெருங்கடல், என்கிறார்கள். என் கருத்தில் அதுவே பொருத்தமான பெயர்.

வடகரையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. செப்டம்பரில் மீண்டும் அந்தத் திடலுக்குப் போகிறோம். இம்முறை கீழிருந்து மேல்வரை எத்தனை கரைப்படிகள் இருக்கின்றன என்று எண்ணி, படம் எடுத்து இங்கே இடுகிறேன். அங்கே போகும்போது கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

நீரளவன் எழுதியது:

உண்டு. அந்தக் கற்கரைகளில் சில இடங்களில் கற்களை விலக்கி வட்டமாகவோ நீள்வட்டமாகவோ அமைத்த குழிகள் இருக்கும். புக்காஸ்க்வா குழிகள் என்று அவற்றுக்குப் பெயர். ஒஜிப்வே உள்ளிட்ட அனிஷினாபே மக்களின் முன்னோர் அமைத்தவை. இருப்பிடமா, வேட்டை மறைவா, நோன்பிருந்த இடமா என்பதில் பல கருத்துகள் உண்டு. கற்கள் குலைந்திருப்பதாகத் தோன்றினாலும் ஒரு கல்லைக்கூட எடுத்து அடுக்க வேண்டாம். படிகளை எண்ணும்போது, மேல் படியில் கல்பாசி எவ்வளவு பரந்திருக்கிறது, கீழ்ப் படியில் எவ்வளவு என்பதையும் அருகிலிருந்து படம் எடுத்துவாருங்கள். பாதத்துக்கடியில் கற்கள் உருளும்; ஈரமான நாளில் ஏற வேண்டாம்.